நூற்றில் நாலு பேருக்கு 25 எழுத்து குறைவு!

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழா என்றால் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையுந்தான் நினைவுக்கு வரும். குதிரை வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், ஓடவிட்டும் பார்ப்பார். வாங்குகிறவருடைய இருதயத்தை யார் பார்ப்பது?

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. இந்திய மக்களில் சுமார் 100-க்கு 4 பேரிடம் இருதயத்தைத் தளர்த்தக்கூடிய பரம்பரைக் குறை ஒன்று இருக்கிறது என்று 2009-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி, சந்தைக்கு வரும் ஆயிரம் பேரில் 40 பேர் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள்!

கண்டறிந்த குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும், ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் முக்கியமானவர்கள்.

கத்தரி தவறுகிறது

இருதயத் தசையைச் சுருக்குவது மையோசின், ஆக்டின் என்ற புரதங்கள். அவற்றைக் கட்டி ஒழுங்குபடுத்துவது இன்னொரு புரதம். அதைச் செய்யும் முறை ஜீனில் எழுதப்பட்டிருக்கிறது. செல் அதை நகல் எடுத்து, வேண்டாததைக் கத்தரித்து, மிச்சத்தை ஒட்டிக்கொள்கிறது. கத்தரிக்கும் இடத்தருகே 25 எழுத்துக்கள் விட்டுப்போனால், வேண்டிய துண்டும் போய்விடுகிறது. வால் திரிந்த புரதம் பிறக்கிறது.

இளமையில் அந்தக் கெட்ட புரதத்தைச் செல்லே அழித்துவிடுகிறது. ஆள் கட்டுமஸ்தாகவே இருப்பார். வயது ஏற ஏறத் துப்புரவு வேலை மந்தமாகிக் கோளாறு தலைகாட்டுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பிள்ளைகுட்டி பெற்ற பிறகே பெரும்பாலும் நோய் வருவதால், சுமார் 30 ஆயிரம் ஆண்டுகளாக இக்குறை வழிவழியாக வந்திருக்கிறது. இயற்கையின் கண்ணில் மண் தூவிய குறை!

குறை உள்ள எல்லாரும் நடுங்க வேண்டியதில்லை. ஆபத்து சுமார் 7 மடங்கு என்றது 2009 ஆராய்ச்சி. ஆனால் அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், இருதயம் அளவுக்கு மீறிச் சுருங்கியது அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்த சிலரிடந்தான்.

தாய், தகப்பன் இருவர் வழியாகவும் குறை வந்தால் நிலைமை கடுமை. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

வீட்டில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்ததுண்டா? இருதயம் வீங்கியதாக டாக்டர் சொன்னதுண்டா? அப்படியானால் மற்றவர்களும் ஒரு எக்கோ பரிசோதனை செய்துகொள்ளலாம். ஊசியில்லை, வலியில்லை, தசை தடித்திருந்தால் படத்தில் தெரிந்துவிடும்.