ரசீதுக்குள் ஒளிந்திருக்கும் எழுத்து

கடைக் கணக்கு எழுத உட்கார்ந்த புதிதில், ரசீதுக்கான ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டி 'ரிசிப்ட்' என்று உரக்க வாசித்துவிட்டேன். கடையே சிரித்தது. 'ரிசீட்' என்று சொல்ல வேண்டுமாம். அப்புறம் அந்தப் பகரம் எதுக்கு அங்கே உட்கார்ந்திருக்கு என்று கேட்டேன். சிரித்தவர் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்று என் பேத்தி அதே எழுத்தை விட்டுவிட்டு மார்க் இழந்து வந்து நிற்கிறாள். அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாகப் புகுந்தன. கடனைக் குறிக்கும் 'டெட்' அப்படி வந்ததுதான். அன்று அதைப் பகரம் இல்லாமலேயே எழுதினார்கள். பிற்பாடு லத்தீன் படித்த பண்டிதர்கள், மூலச்சொல் 'டெபிடும்' ஆயிற்றே என்று அந்த எழுத்தைச் செருகிவிட்டார்கள். ஜனங்களின் நாக்கு மாறவில்லை! அந்த எழுத்தை உச்சரித்தே தீரவேண்டும் என்று அடம்பிடிக்கும் வாத்தியார் ஒருவரை ஷேக்ஸ்பியர், 1598-இல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் கேலி செய்திருக்கிறார். ரசீதுச் சொல்லுக்கும் இதே கதைதான். மூலம் லத்தீன் 'ரெசெப்டா'. அதே குடும்பத்து 'டிசீட்', அதாவது வஞ்சகம், அதற்கு மட்டும் பகரம் நிலைக்கவில்லை. இதில் என்ன நியாயம்?

தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்பதற்கு உறவு என்று தப்பாக எண்ணி, ஒலிக்காத சகரத்தைச் சேர்த்தார்கள். நாமும் இப்படி ஏமாறுகிறவர்கள்தான். 'ரசீது' ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று பலர் சொல்லக் கேட்கிறேன். இல்லீங்க, அது பாரசீகச் சொல். 'வந்து சேர்ந்தது' என்று பொருள்.

சுருக்கெழுத்துக்கு வருவோம். பவுண்டு எடையை 'எல்.பி.' என்று ஏன் எழுதுகிறோம்? ரோமர்கள் 'லிப்ரா பாண்டோ' என்றார்கள். லிப்ரா என்றால் தராசு, நம் துலா ராசிதான். அந்த எடைக்கும் அதே பெயர். பின்சொல் வாய்க்குப் போய்ப் பவுண்டு ஆயிற்று, முன்சொல் பேனாவிலேயே தங்கிவிட்டது. அந்தர் எடைக்குப் போடும் 'சி.டபிள்யூ.டி.'யில் முதல் எழுத்து நூறைக் குறிக்கும் லத்தீன் 'செண்டும்'. பிரிட்டிஷ் கணக்கில் அதன் எடையோ 112 பவுண்டு!

'அதாவது' என்பதற்கு எழுதும் 'விஸ்' என்ற சுருக்கத்தின் கடைசி எழுத்து, எழுத்தே அல்ல. ஓலைக்கு நாம் போட்ட சுழி மாதிரி, தோலில் எழுதிய லத்தீன் எழுத்தர்கள் போட்ட சுருக்கக் குறி. பார்வைக்கு இசட் போல இருந்ததால் அப்படியே ஆகிவிட்டது. நம் பத்திரங்களிலும் மேற்படிக்கான ௸ குறியை 'ஷை' என்றுதானே வாசிக்கிறோம்?

பேத்தி இப்போது அந்தப் பகரத்தை விடுவதில்லை. டிசீட்டிலும் சேர்த்துவிட்டு வந்தாள், அது வேறு கதை.