புசா ரோடிலிருந்து… – 17
வெக்கை போனது, கூட்டம் வந்தது

தில்லியின் புசா ரோடில் யாரும் கதவு எண் சொல்லி வழிகாட்டுவதில்லை; மெட்ரோ தூணின் நம்பரைத்தான் சொல்வார்கள். அப்படியொரு தூணுக்கு எதிரே, ஐ.ஏ.எஸ். கோச்சிங் போர்டுகளின் நெரிசலில், மாடியில் ஒரு டிராவல் ஆபீஸ் இருக்கிறது. துபாயும் பாங்காக்கும் தொங்கிய சுவரில் இப்போது வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றில் குதிக்கிறது. மாட்டுத் தலை, குதிரை வால், ஆனால் மான் ஜாதி. ஜூலை முதல் அக்டோபர் வரை கென்யாவின் மசாய் மாரா, சொகுசு டென்ட், ஜெயின் சாப்பாடு கேரண்டி என்று கீழே போட்டிருக்கிறது.

எங்கள் கீழ்வீட்டு மாமாவும் மாமியும் அங்கேதான் பணம் கட்டியிருக்கிறார்கள். பெங்களூர்ப் பிள்ளையின் உபயம். "டென்ட்ல படுக்கறதுக்கா இவ்வளவு பணம்? நீங்க போயிட்டு வந்தவராச்சே, சொல்லுங்கோ. பாத்ரூம் உள்ளேயே இருக்குமோல்லியோ?" என்று மாமி மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

இருக்கும். பாத்ரூம் மட்டுமல்ல, சில இடங்களில் குளிக்கும் தொட்டியிலிருந்து ஆறு தெரியும். சுவர் கேன்வாஸ்தான், உள்ளே கொசுவலை போட்ட பெரிய கட்டில், எழுது மேஜை, தரை விரிப்பு. பெரும்பாலான கேம்ப்களில் சுற்று வேலி கிடையாது. ராத்திரி சாப்பாடு முடிந்தால் தனியாக டென்டுக்கு நடக்க விட மாட்டார்கள். டார்ச்சும் கையுமாக ஒரு மசாய் காவலர் கூடவே வருவார். நீர்யானைக்குப் புல் மேயும் நேரம் அதுதான். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் என்பதால் ஜூலையிலும் குளிரும். தில்லிப் புழுக்கத்திலிருந்து போகிறவர்கள் இதை நம்பாமல் ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். போர்வைக்குள் காலை நீட்டினால் வெதுவெதுப்பாக ஏதோ தட்டுப்படும். பயப்பட வேண்டாம், சுடுநீர்ப் பை. முன்கூட்டியே வைத்திருப்பார்கள்.

ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுகிற கேம்ப்கள் அங்கே சர்வ சாதாரணம். ரிசர்வுக்குள் நுழையவே வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர். மற்ற மாதங்களில் 100. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் குட்டி விமானத்தில் 15 கிலோதான், அதுவும் மடங்குகிற துணிப்பையில். மாமியின் ஊறுகாய் பாட்டில்கள் இங்கேயே மறு பரிசீலனைக்குப் போய்விட்டன. மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டுக்கொண்டு சர்டிபிகேட்டைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஆட்களே தனிமையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆற்றங்கரைக் காட்சி பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. யூடியூபில் எல்லோரும் பார்த்ததுதான். யூடியூபில் இல்லாதது காத்திருப்பு. விளிம்பில் வில்டபீஸ்ட் ஆயிரக்கணக்கில் நிற்கும். முதல் வரிசை தண்ணீரை முகர்ந்து பார்க்கும், பின்னாலிருந்து தள்ளும், ஒன்று திரும்பும், மொத்தமும் புழுதி கிளப்பித் திரும்பி ஓடும். மறுபடி மேய்ச்சல், மறுபடி விளிம்பு. எதிர்க்கரையில் முகூர்த்த நாள் மண்டப வாசல்போல லேண்ட் க்ரூஸர்கள். டிரைவர்கள் ரேடியோவில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்ல, வண்டிகள் கூடிக்கொண்டே போகும். 2025 ஜூலையில் தான்ஸானியா பக்கத்தில், வண்டியைவிட்டு இறங்கிய பயணிகள் விலங்குகளின் வழியையே மறித்து நின்ற வீடியோ வந்து பெரிய கண்டனமானது. காசு கொடுத்தவனுக்குப் பொறுமை குறைவு.

எனக்கு உறுத்துவது வேறு. டிராவல் ஆபீஸ் சுவரொட்டியிலிருந்து டி.வி. படங்கள் வரை எல்லோரும் இந்த இடப்பெயர்வை மனிதன் கை படாத ஆதிகால நாடகமாகவே விற்கிறார்கள். இடம்பெயர்வது ஆதிகாலப் பழக்கம்தான், மறுக்கவில்லை. மழைக்குப் பின்னால் புல், புல்லுக்குப் பின்னால் விலங்கு: ஜனவரி முதல் மார்ச் வரை தான்ஸானியாவிலுள்ள செரங்கெட்டியின் தென்புறப் புல்வெளியில் குட்டி போடும், மே, ஜூனில் மேற்கும் வடக்குமாக நகரும், பிறகு மாரா ஆறு. ஆனால் இன்று நாம் பார்க்கிற பிரம்மாண்டம் நம் கீழ்வீட்டு மாமாவைவிட வயதில் சின்னது. அதை உண்டாக்கியதில் பெரும்பங்கு மாட்டு டாக்டர்களுக்கு.

நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு வெக்கை என்றால் தெரியும். மாட்டுக்கு ஜுரம் கண்டு, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்தே சாகும். ஒரு தொழுவத்தில் நுழைந்தால் ஊரையே காலி செய்துவிடும். 1887 வாக்கில் இந்த நோய் செங்கடல் துறைமுகமான மஸாவா வழியாக ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தது. இத்தாலியப் படைக்காகக் கொண்டுவந்து இறக்கிய மாடுகளோடு வந்தது, அவை இந்திய மாடுகள் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்வது. சில ஆண்டுகளில் கண்டத்தின் தென்கோடிவரை போய்விட்டது. மாட்டையே நம்பி வாழ்ந்த மசாய் மக்கள் பஞ்சத்தில் செத்தார்கள். காட்டெருமையும் வில்டபீஸ்ட்டும் கூடவே மடிந்தன. அதன்பிறகும் நோய் போகவில்லை. வருஷா வருஷம் வில்டபீஸ்ட் கன்றுகளை வாரிக்கொண்டு போனது.

1950-களில் செரங்கெட்டியைச் சுற்றியிருந்த கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூட ஊசி போடவில்லை. மாட்டில் நோய் நின்றதும் 1963 வாக்கில் வில்டபீஸ்ட்டிலும் நின்றுபோனது. மாட்டை விட்டு அந்தக் கிருமியால் தனியாகப் பிழைக்க முடியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் 2.5 லட்சம் அளவில் இருந்த கூட்டம் 1977-ல் 13 லட்சத்தைத் தொட்டது. எழுபதுகளில் வறண்ட மாதங்களிலும் பெய்த நல்ல மழைக்கும் இதில் பங்கு உண்டு. நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மலிவான, நம்பகமான தடுப்பூசியை உருவாக்கிய வால்டர் பிளவ்ரைட்டுக்கு 1999-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் பழைய வட ஆற்காட்டில். 2011-ல் உலகமே அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக அடியோடு ஒழிந்த நோய் இதுதான். எந்த கேம்ப்பின் சுவரிலும் ஒரு மாட்டு டாக்டரின் படத்தை நான் பார்க்கவில்லை. சிங்கம் நிறைய இருந்தது.

கூட்டம் பெருகிய கதைக்கு மாடு காரணம் என்றால், சுருங்கிய கதைக்கு எங்கள் தெருவின் செல்லப்பிள்ளை காரணம்: கோதுமை. இந்த ரோடுக்குப் பெயர் கொடுத்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பீகாரின் புசாவில் இருந்தது. 1934 பூகம்பத்தில் கட்டடம் நொறுங்க, 1936-ல் தில்லிக்கு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் இயக்குநராக இருந்த காலத்தில் கோதுமைப் புரட்சியின் மையமே இதுதான். இங்கே கோதுமையைக் குறை சொன்னால் சாபம் கிடைக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மாராவுக்கு வடகிழக்கே லொய்ட்டா சமவெளி இருக்கிறது. கென்யாவுக்கே உரிய தனிக்கூட்டம் ஒன்று அங்கே போய்த்தான் குட்டி போடும். அந்த நிலத்தை இயந்திரக் கோதுமைப் பண்ணைகள் உழுது எடுத்துக்கொண்டன. 1977-ல் சுமார் 1.2 லட்சமாக இருந்த அந்தக் கூட்டம் இருபதே ஆண்டில் 22,000 ஆனது. பெரிய செரங்கெட்டிக் கூட்டத்தைப் பற்றியும் இப்போது கேள்வி வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைக் கணினியை வைத்து எண்ணி 2025-ல் வெளியான ஆய்வு ஒன்று, 6 லட்சத்துக்கும் குறைவுதான் என்கிறது.

அடுத்த கேள்வி படுக்கையைப் பற்றியது. நெருக்கத்தில் பார்க்கத்தான் காசு. அதனால் லாட்ஜும் விலங்கின் வழியை நெருங்கி நெருங்கி வருகிறது. 2025 ஆகஸ்டில் மாராவின் தென்கோடியில் ஸாண்ட் ஆற்றங்கரையில் ரிட்ஸ் கார்ல்டன் திறந்தபோது, செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் நடுவிலுள்ள வழித்தடத்தை அது அடைக்கிறது என்று மசாய் சமூகத் தலைவர் ஒருவர் நரோக் நீதிமன்றத்துக்குப் போனார். வழித்தடம் அங்கே இல்லை என்றது கென்ய வனவிலங்குத் துறை. நமக்கு இது புது வழக்கல்ல. மசினகுடிப் பக்கம் சீகூர் பீடபூமியில், யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைத்தபோது தமிழக அரசு 2010-ல் அறிவிக்கை போட்டது. ரிசார்ட்காரர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2020 அக்டோபரில் அரசின் பக்கம் தீர்ப்பு வந்தது. யானை பார்க்கத்தான் அங்கேயும் அறை போட்டார்கள்.

அதனால் மாமியிடம் நான் சொன்னது, டிராவல் ஆபீஸில் தொட்டியைப் பற்றிக் கேட்காமல், டென்ட் ரிசர்வுக்கு உள்ளேயா, கன்சர்வன்சியிலா என்று கேளுங்கள் என்பதுதான். கன்சர்வன்சி என்பது ரிசர்வை ஒட்டி மசாய் குடும்பங்களின் சொந்த நிலம். துண்டு துண்டான பட்டாக்களைச் சேர்த்து கேம்ப்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். வேலி போடாமலும் உழாமலும் வைத்திருப்பதற்கு மாதாமாதம் பணம். கேம்ப்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு; கட்டுப்பாட்டோடு அவர்கள் மாடும் அங்கே மேயலாம். குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். 2020-ல் விமானங்கள் நின்றபோது பல இடங்களில் குத்தகைப் பணமும் குறைந்தது. பயணியையே நம்பிய வருமானத்தின் லட்சணம் அது. ஆனாலும் கோதுமைக்காரன் கொடுக்கிற குத்தகையோடு போட்டிபோட அந்தக் குடும்பங்களுக்கு இப்போதைக்குக் கைவசம் இருப்பது இதுதான்.

(தொடரும்)