பயணச் சுவரொட்டிகளில் பூஞ்சோலைகள்

நிலத்தைச் சொல்லப் பூவைச் சொல்வது தமிழ் மரபு. குறிஞ்சி, முல்லை, மருதம் என்னும் திணைப்பெயர்களே அதற்குச் சான்று. ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றிய வீரமாமுனிவர், 1726இல் இயற்றிய தேம்பாவணியின் நாட்டுப் படலத்தில் யூதேயா நாட்டை நெல் விளையும் மருத நிலமாகவே தீட்டினார். காணாத நாட்டைத் தமிழர் கண்முன் நிறுத்தப் பழகிய பயிர் அவருக்குத் துணைநின்றது. இருபதாம் நூற்றாண்டின் பயணச் சுவரொட்டி ஓவியர்களோ இதற்கு நேர்மாறானவர்கள். நகரத்தார் அன்றாடம் காணாத மரத்தையும் மலரையும் காட்டி அவர்களைப் புறப்பட வைத்தனர்.

லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்தில் 1908ஆம் ஆண்டு விளம்பரப் பொறுப்பை ஏற்றவர் பிராங்க் பிக். அலுவலக நேரம் நீங்கிய வேளைகளிலும் வண்டிகள் நிறைய வேண்டுமே! கியூ தாவரவியல் பூங்காவின் மலர்கள் நிலையச் சுவர்களில் பூத்தன. கல்லச்சு முறையில் வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஆதலின் ஓவியர் இலை நரம்பையெல்லாம் விடுத்து, சில வண்ணங்களைப் பரப்பு பரப்பாகத் தீட்டினர். விரைந்து செல்வோரும் ஒரே பார்வையில் உணரத்தக்க அழகு அவ்வாறு பிறந்தது எனலாம்.

1930களில் இந்திய அரசு ரயில்வேயும் இத்தகைய சுவரொட்டிகளால் உலகோரை அழைத்தது. தாஜ்மகால் அவற்றில் இடம்பெற்றது இயல்பே. இன்று தாஜ்மகால் என்றதும் நீரோடையும், வரிசையான சைப்ரஸ் மரங்களும், அகன்ற புல்தரையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அப்புல்தரை முகலாயர் வைத்ததன்று. 1789இல் ஆக்ரா சென்ற டேனியல் ஓவியர்கள் வரைந்த காட்சியில் அடர்ந்த மரங்களே உள்ளன. கர்சன் பிரபு ஆட்சியில் (1899-1905) நிகழ்ந்த சீரமைப்பே ஆங்கிலப் பாணிப் புல்வெளியை அங்கு நிலைபெறச் செய்தது. கட்டடம் தொலைவிலிருந்தே முழுமையாகத் தெரிந்தது. படம் எழுதுவோர்க்கு அது வாய்ப்பாயிற்று.

இழப்பு மரங்களோடு நிற்கவில்லை. தாஜ்மகாலின் பெருவாயிலில் அல்ஃபஜ்ர் அத்தியாயம் பொறிக்கப்பட்டுள்ளது. நல்லடியாரைச் சுவனத்திற்குள் அழைத்து நிறைவுறும் அத்தியாயம் அது. அவ்வாயிலைக் கடப்போர் அடியெடுத்து வைப்பது நான்காகப் பகுக்கப்பட்ட தோட்டத்தில். திருக்குர்ஆன் கூறும் சுவனத்தில் ஓடும் ஆறுகளோடு கனியும் நிழலும் உண்டு. சுவரொட்டியில் நீர் மட்டும் எஞ்சியது.