கைப்பேசியில் வாங்குவோருக்கேற்ற இணையக் கடை

விளைபொருளைத் தரகரின்றி விற்க விரும்பும் குடியானவர்களுக்குச் சின்ன காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரம் தக்க உதாரணமாகும். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சார்ந்த அவ்வூரில் கடைக்கு வருவோர் சேலையை விரித்துத் தொட்டுப் பார்த்தே வாங்குவர். கைப்பேசியில் வாங்குவோருக்கோ உள்ளங்கையளவு திரையே கடை. ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் அவசியம்.

1. படம்: 4 மெகாபைட் படம், விநாடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இடத்தில் தோன்ற 32 விநாடி ஆகும், அதுவரை எவரும் காத்திரார். அதனையே 200 கிலோபைட்டாகக் குறைத்தால் 2 விநாடிக்குள் தோன்றும். ஆனால் மூன்று நாடாக்களால் கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கோர்வை, குறைத்த படத்தில் தெளிவுறாது. அதற்குக் கிட்டத்தில் எடுத்த தனிப்படம் வேண்டும். விரும்புவோர் தொட்டால் மட்டும் அது திறக்கட்டும்.

2. எழுத்து: பெரிதாக்காமலே படிக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும். தொடும் பொத்தான்கள் விரல் நுனியளவுக்குக் குறையாமலும் ஒன்றையொன்று நெருங்காமலும் அமைய வேண்டும்.

3. விலை: அனுப்பும் செலவையும், சரக்கைத் திருப்பும் விதியையும் முதலிலேயே காட்டுக. முடிவில் கூலி ஏறக் கண்டவர் வாங்காமலே போய்விடுவர்.

4. பணம்: 2016-ம் வருஷம் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் நீண்ட அட்டை எண்ணைத் தட்டும் சிரமமில்லை. பெயர், விலாசம், தொலைபேசி எண் தவிர வேறு கேள்விகளைத் தவிர்க்க.

அரிசி, வெல்லம், எண்ணெய் விற்போருக்கும் இவையே பொருந்தும். அரிசிக்குக் கோர்வையில்லை, ஆயினும் மணியின் பருமனைக் காட்டும் படம் வேண்டும்.

கடையைத் திறக்கும் முன், விலை குறைந்த கைப்பேசியொன்றில், அலை குன்றிய இடத்திலிருந்து ஒரு பொருளை வாங்கிப் பார்ப்பது நலம். கிராம உத்தியோகஸ்தர்கள் இச்சோதனைக்கு உதவலாம். அங்கே தடையின்றி வாங்க முடிந்தால் எங்கும் முடியும்.