பாலிமருக்குள் மருந்து; பட்டியலுக்கு வெளியே விலை

புதுடெல்லி: புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செல் நீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்க்கப்படும் கிரெமஃபோர் என்ற திரவமே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. எனவே, ஊசிக்கு முன்னதாக ஸ்டீராய்டு தரப்படுகிறது. சிகிச்சையால் தளர்ந்துள்ள நோய் எதிர்ப்புச் சக்தியை அது மேலும் அடக்கக் கூடும்.

கிரெமஃபோருக்கு மாற்றாக, பாலிமர் நுண்துகளில் மருந்தை ஏற்றிய 'நானோக்செல்' ஊசியை டாபர் பார்மா 2007-ல் அறிமுகப்படுத்தியது. ஆனாலும் நுண்துகள்களை உடல் அப்படியே விட்டுவிடுவதில்லை. கல்லீரல், மண்ணீரலில் உள்ள விழுங்கு செல்கள் அவற்றை அந்நியப் பொருளாகப் பாவித்துப் பிடித்துக் கொள்கின்றன.

நோயாளிக்கு அதைவிடப் பெரிய சிக்கல் விலை. 2015-ம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சாதாரண பாக்லிடாக்செல் இருந்ததால், அதற்கு உச்சவரம்பு விலை உண்டு. புதிய செலுத்து முறையில் தயாரானவையோ, பெயர் குறிப்பிடப்பட்டால் மட்டுமே பட்டியலில் சேரும் என்பது விதி. புதுமைக்கு ஊக்கம் என்று இதற்குக் காரணம் கூறப்படலாம். பெங்களூரு அல்சூரிலிருந்து கித்வாய் அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ்க் கூலித் தொழிலாளிக்கு அந்த ஊக்கத்தால் என்ன லாபம்?

மத்திய அரசு 2019-ல் பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாப வரம்பாக 30 சதவீதத்தை நிர்ணயித்தது. உற்பத்தியாளர் நிர்ணயிக்கும் விலையை அந்த உத்தரவு தொடவில்லை.