தற்காலிகக் கொட்டில்களும் நிரந்தரத் துயரமும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது கரையோரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீடற்றவையாக்கியது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக்கட்டத் தடை விதிக்கப்பட்டது. உட்புறமோ வயலும் சதுப்பும், மாற்றுக்காணி அரிது. ஆதலால், சில மாதங்களுக்கென அமைத்த தகரக் கொட்டில்களிலேயே பலருக்கு ஆண்டுகள் கழிந்தன. சவூதி அரேபிய உதவியுடன் நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகளும், 2009 உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னர் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன.

தற்காலிகக் குடியிருப்பும் நீடிக்கும் என்றெண்ணியே திட்டமிடல் வேண்டும் எனக் கருதுகின்றோம். உயர்ந்த தளம், வெப்பந்தணிக்க ஓலை வேய்ந்த கூரை, கிணற்றுக்கு எட்டவுள்ள மலகூடம், பின்னர் நிரந்தர வீட்டுக்கும் உதவும் மரமும் தகரமும் பெருஞ்செலவல்ல. அனைத்திற்கும் முன்னதாக, வெள்ளமேறாத காணியை மாநகர சபையும் பிரதேச செயலகமும் இப்பொழுதே அடையாளங்காண வேண்டும். நாம் காணி தேடி முடிக்கும்வரை அடுத்த அலை காத்திராது.