பெரியாறு வழிவிடாத காலம்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் கண்ணை மறிப்பது மலைதான். மூணாறு வழி என்றதும் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள்தான் பேச்சில் வரும். ஆனால் இந்த வழியின் தலையெழுத்தை மலையைவிட, மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் பெரியாறே அதிகம் எழுதியது என்பேன். நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாற்றுத் தேயிலை இறங்கிய விதத்தைப் பாருங்கள். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளை விட்டு இழுத்தார்கள். 1908இல் அது இரண்டடி அகலப் பாதையில் ஓடும் நீராவி ரயிலானது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடி, பிறகு மாட்டுவண்டியில் போடி, கடைசியில் தூத்துக்குடிக் கப்பல். சுமார் 1,700 மீட்டர் உயரத்திலிருந்து பெட்டிகளை இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கும் பாடு எதற்கு? மேற்கே கொச்சிக்கு இறங்கப் பாலமில்லாத பெரியாற்றைக் கடக்க வேண்டும்; ஆனி, ஆடி மழையில் அது கரைபுரளும். அதே மாதங்களில் மழை மறைவான போடிப் பக்கம் சாரலோடு சரி. கொட்டகுடி ஆறு ஐப்பசி, கார்த்திகையில் பெருகும். ஆனால் அது காட்டாறு. மேல்மழை நின்றால் வடிந்துவிடும், வண்டிக்காரர் காத்திருந்து கடக்கலாம்.

போடிக்கு ரயில் இருந்ததால்தான் தேயிலை இங்கே வந்தது என்பார்கள். அந்த ரயில் 1928இல்தான் வந்தது. தேயிலை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. கொச்சியில் பெரிய கப்பல் நுழைய வழியில்லையே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உண்மைதான், பொறியாளர் பிரிஸ்டோ மணல் திட்டை வெட்டிய பிறகு, அதே 1928இல்தான் கப்பல் உள்ளே வந்தது. ஆனால் துறைமுகம் திறந்தால் போதுமா? 1924 ஜூலை வெள்ளம் குண்டளை ரயிலை மட்டுமா கொண்டுபோனது, ஆலுவாயிலிருந்து வந்த பழைய சாலையையும் சிதைத்துவிட்டது. நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் வளைவுப் பாலம் 1935இல் திறந்த பிறகே மேற்கு வழி நம்பத் தகுந்ததாயிற்று. இன்று கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை அந்த இடத்தில் ஆற்றைத் தாண்டித்தான் மூணாறு வழியாகப் போடிக்கு இறங்குகிறது.

தேயிலை மேற்கே திரும்பப் பாலம்தான் காரணமென்றால் ஏலக்காய் ஏன் இன்றும் போடிக்கு வருகிறது? தேயிலைப் பெட்டி இடத்தை அடைப்பது. ஏலக்காய் எடை குறைவு, விலை அதிகம். தலைச்சுமையாகவே மலையிறங்கிவிடும் சரக்குக்குப் பாலம் பெரிய பொருட்டல்ல. வாங்குகிற வியாபாரியும் முன்பணமும் கிடங்கும் எங்கே இருந்தனவோ அங்கே போனது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் கேரளத்தின் புற்றடியிலும் போடியிலுமாக நடக்கிறது.